கூட ஓட ஆள் வேண்டும்

செனாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“என் தங்கச்சி என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டா லா.”

“அலமாக்! கண்ணு தெரியாத பிள்ளை. ரேஸ்ல நீதானே கூட ஓடுவ?”

“ஆமா. ரெண்டு பேரும் ஒரே கயித்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் ஓடுவோம். இப்ப அவ வேகத்துக்கு என்னால முடியல. ‘அக்கா, நீ என்னைப் பின்னால இழுக்குற’ன்னு சொல்லிட்டா.”

“கஷ்டமா இல்லையா?”

“அழுதேன். அப்புறம் நானே ஆள் தேடினேன். பொந்தியான் ஊர்ப் பையன், நல்லா ஓடுவான். இன்னிக்கு ஃபைனல்ல அவன்தான் கூட ஓடுறான். எனக்குத்தான் லீவு கிடைக்கல.”

அவள் கைப்பேசி அடித்தது. தங்கைதான். ஒரு நொடி கேட்டவள் இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

“தங்கமா? நெசமாவா? தங்கம் லா, தங்கம்!”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. தோழியும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“இரு, இன்னும் என்னமோ சொல்றா.”

கைப்பேசியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

“அந்தப் பையனும் பத்தலையாம்! இன்னும் வேகமா ஓடுற ஆளாப் பார்க்கச் சொல்றா!”