தனியாக யாரும் எழ வேண்டாம்

துணைவேந்தர் அவர்களே, ஆய்வு நெறிக் குழுத் தலைவர் அவர்களே, நம் பேராசிரியரின் கணவரே, மகளே, கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நாம் இழந்திருப்பது ஒரு சமூகவியல் பேராசிரியரை. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலைத் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘காதுக்காரம்மா’. நான் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பக்கத்து அறைக்காரன். எதையும் லேசில் நம்பாதவன். இனி யாரோடு சண்டை போடுவேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: வாசலில் இருப்பதிலேயே பெரிய மலர் வளையம் அந்த ஆலை நிர்வாகம் அனுப்பியதாமே. அவரைக் கண்டாலே கதவைச் சாத்தியவர்களுக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம்?

தொழிலாளர்களிடம் பேசுவதற்கு முன் நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது, ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நம் நெறிக் குழு. பேசுகிறவர்களின் நலனுக்காகத்தானாம். வாங்கினார். பேட்டியின்போது ஆலை மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கேட்ட அத்தனை பேரும், “எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா” என்றார்கள். கைகளை மட்டும் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். ஏன் மறைத்தார்கள்? மருத்துவமனை விரிப்புகளுக்குள் சிக்கி வரும் ஊசிகள் குத்திய கைகள் அவை.

பேராசிரியர் குழுவின் முன் போய் நின்றார். “கோழிகிட்ட பேசறதுக்கு நரிகிட்ட அனுமதி வாங்கச் சொல்றீங்களே, இது யாருக்குப் பாதுகாப்பு?” என்றார். குழுவில் யாரும் சிரிக்கவில்லை. விண்ணப்பம் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது. அவரும் விடவில்லை. நிர்வாகத்தின் அனுமதி வேண்டாம், பெயர் வேண்டாம், வாய்ச் சம்மதம் போதும் என்று குழுவை ஒப்புக்கொள்ள வைத்த பிறகே ஓய்ந்தார். அப்புறம் பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் மனம்விட்டுப் பேசினார்கள். ஆய்வு வெளியானது, ஆலைக்குத் தடித்த கையுறை வந்தது. பேசியது யார் என்று நிர்வாகம் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது.

சற்று முன் குழுத் தலைவர் என் காதில் சொன்னார்: “அம்மாவுக்குப் பேட்டி கொடுத்தவங்களை எழுந்து நிக்கச் சொல்லுங்க சார், எல்லாரும் கைதட்டி மரியாதை பண்ணலாம்.” நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் என்றாலே எனக்குக் கொஞ்சம் உதறும். மூன்றாவது வரிசையில் அதே மேற்பார்வையாளர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பேராசிரியரின் படம் இங்கே மேடையில் இருக்கிறது. அந்தக் கைபேசி ஏன் பின்வரிசையைப் பார்க்கிறது?

தலைவர் மன்னிக்க வேண்டும். தனியாக யாரும் எழ வேண்டாம். காதுக்காரம்மாவை நம்பிப் பேசியவர்களை நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம். அவர் விட்டுச்சென்ற வேலை இங்கிருந்தே தொடர்கிறது. மௌன அஞ்சலிக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்து நில்லுங்கள். துணைவேந்தர் அவர்களே, நீங்களும். மேற்பார்வையாளரே, நீங்களும்தான்.

எல்லோரும் எழுந்தாயிற்றா? இப்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.