பற்றில்லாத ஒருவர்

முகம் பார்க்கும் கண்ணாடியை இன்னொருவர் முகத்துக்கு முன்னால் பிடிப்பது கை வலிக்கும் வேலை. செய்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது நிமிடத்தில் தோள் இறங்கும், ஐந்தாவது நிமிடத்தில் விரல் நடுங்கும். நூற்றுப் பதினாறு நாள், ஒரு நாள்கூட விடாமல் செய்தேன் டாக்டர். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதைப் படித்த பிறகு இது யாருக்கும் நினைவிருக்காது.

கண்ணாடி யோசனை உங்களுடையது. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவர். மூன்றாம் மாடியில் ஏசி மாட்டும்போது விழுந்து, உயிர் மட்டும் மிஞ்சி வீட்டுக்கு வந்தார். நீங்கள் எங்களை உட்காரவைத்து விளக்கினீர்கள். கண் திறந்திருக்கிறது, பார்க்கிறாரா என்று தெரியவில்லை. தினமும் காலையில் கண்ணாடியை நேரே பிடித்து, மெல்லப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். வேறு எதையும் பின்தொடராத கண்கூடத் தன் முகத்தைப் பின்தொடருமாம். தொடர்ந்தால் நோட்டில் டிக், இல்லையென்றால் கோடு. டிக் வந்தால் பயிற்சி, சிகிச்சை எல்லாம் உண்டு. கோடே வந்தால் உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

மச்சினி நோட்டுக்குக் கை நீட்டினாள். நீங்கள் தடுத்தீர்கள்.

“ரொம்பப் பாசம் வெச்சிருக்கறவங்க வேண்டாம்மா. அவங்களுக்கு எல்லாமே அசையற மாதிரிதான் தெரியும். கொஞ்சம் பற்றில்லாம பாக்கறவங்க யாராவது இருக்காங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடமாகத் தத்துவம் கற்பிப்பவன் நான். பிரக்ஞையைப் பற்றி ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறேன். அடுத்தவருக்கு உணர்வு இருக்கிறது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது என்பது அதன் சாரம். என்னைவிடப் பற்றில்லாதவனுக்கு எங்கே போவார்கள்?

சகலை நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் கிடையாது. மாமனார் வீட்டுக்கு அவர் வந்தால் எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போவார்கள். நான் வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். இரண்டும் மரியாதைதான். என் மகள் தன் காதல் விஷயத்தை என்னிடம் சொல்வதற்கு ஆறு மாதம் முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை. தேதிகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

ஒருமுறை சாப்பாட்டு மேசையில் என் நூலை விளக்கிக்கொண்டிருந்தேன். மூடிய ஃப்ரிட்ஜுக்குள் விளக்கு எரிகிறதா என்று வெளியில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும், அடுத்தவர் மனமும் அப்படித்தான் என்றேன். சகலை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“கதவோரத்துல சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும் சகலை. கதவைத் திறந்து வெச்சுட்டு அதை விரலால அமுக்கிப் பாருங்க, அணையுதான்னு தெரிஞ்சிடும். இதுக்கா ஐநூறு பக்கம்?”

மேசையே சிரித்தது. கடைசியாக நிறுத்தியவள் என் மனைவி. திருமணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. இரண்டாம் பதிப்பில் அந்த சுவிட்சைச் சேர்த்துக்கொண்டேன். அவர் பெயரைப் போடவில்லை. மெக்கானிக்குகளை மேற்கோள் காட்டும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

முதல் எட்டு நாள் நிஜமாகவே கோடுதான். ஒன்பதாம் நாள் அவர் கண் கண்ணாடியோடு நகர்ந்தது. நிறுத்தினேன், நின்றது. திருப்பினேன், திரும்பியது. பேனாவை எடுத்தேன். அடுத்த அறையில் மச்சினியும் என் மனைவியும் அவருடைய பழைய வேடிக்கை ஒன்றைச் சொல்லி, சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்கள். இந்த டிக்கைப் போட்டால் வீடே ஓடிவரும். கட்டிலைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. தவிர, ஒரே ஒரு அசைவை வைத்து முடிவுக்கு வருவது ஆய்வு நெறி ஆகாது. கோடு போட்டேன்.

மறுநாளும் நகர்ந்தது. பிறகு பேச ஆரம்பித்தோம். இடது பக்கம் பார்த்தால் ஆமாம், வலது பக்கம் பார்த்தால் இல்லை. நான் பேசுவது புரிகிறதா? இடது. நான் யாரென்று தெரிகிறதா? இடது. உங்களுக்கு நினைவு இருக்கிறது என்பதை எனக்கு நிரூபிக்க முடியுமா? வெகுநேரம் என்னையே பார்த்தார். கேள்வி அவருக்குக் கொஞ்சம் கடினம்தான்.

பதில்களை என் சொந்த நோட்டில் எழுதினேன். உங்கள் நோட்டில் கோடு போட்டேன். இதைப் பொய் என்று நினைக்காதீர்கள். கண் நகர்ந்தது உண்மை. அதை நகர்த்தியது யார் என்பது இன்னும் தீராத கேள்வி. என் நூலின் நாலாம் அதிகாரம் முழுக்க அதுதான்.

ஒரு நாள் மச்சினி, “அத்தான், இவர் என்னைப் பாக்கறார்” என்று வந்து நின்றாள். இதற்குத்தானே டாக்டர் உன்னிடம் நோட்டைத் தரவில்லை என்று அன்பாகவே சொன்னேன். அதன் பிறகு அவள் அப்படிச் சொல்லவில்லை. தன் கண்ணை நம்புவதையே விட்டுவிட்டாள்.

அந்தக் காலை நேரங்கள் நன்றாக இருந்தன. சகலை குறுக்கே பேசவில்லை. ஒரு வார்த்தையில் யாரையும் சிரிக்கவைக்கவில்லை. நான் எழுதிவரும் அடுத்த நூலின் முன்னுரையை இரண்டு முறை முழுதாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். நாங்கள் நெருங்கிவிட்டோம் என்றே சொல்வேன். என் கோடுகளைப் பார்த்து நீங்கள் உடற்பயிற்சியாளரை நிறுத்தினீர்கள். அவர் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயின. அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

எண்பதாம் நாள் பல் விஷயம் தொடங்கியது. வாய் ஓரம் சிவந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இடது. மறுநாள், நேற்றைவிட அதிகமா என்றேன். இடது. பத்தொன்பது நாள் கேட்டேன். வலியைப் பற்றி இவ்வளவு ஒழுங்கான பதிவு எங்கள் துறையில் அபூர்வம். கன்னம் வீங்கிய பிறகு மச்சினி பல் மருத்துவரை வரவழைத்தாள். பிடுங்கியாக வேண்டும் என்றார் அவர். மரத்துப்போக ஊசி போடலாம், ஆனால் இந்த உடம்பு தாங்குமா என்று தயங்கினார்.

“இவருக்கு வலி தெரியுமா சார்?”

நோட்டைக் கொடுத்தேன். தொண்ணூற்றொன்பது கோடு.

“உள்ள யாரும் இல்ல டாக்டர். வலிக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமே.”

ஊசி போடவில்லை. பல் இரண்டாக உடைந்ததால் நாற்பது நிமிடம் ஆயிற்று. தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவர் கண்கள் இடது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றன. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நூற்றுப் பதினேழாம் நாள், உணர்வுள்ள உயிர்களின் உரிமை பற்றிய கருத்தரங்கில் தலைமையுரை ஆற்ற வெளியூர் போனேன். கண்ணாடியை என் மனைவி பிடித்தாள். மதியம் போன் செய்து, கண் கண்ணாடியோடு நகர்கிறது என்று அழுதாள். மிச்சம் உங்களுக்கே தெரியும். கண்ணசைவால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் கொண்டுவந்து வைத்தவர் நீங்கள்தான். திடீரென்று நினைவு திரும்புவது உண்டு என்றும் சொன்னீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அத்தான் இல்லாத நாளாகப் பார்த்து முழித்திருக்கிறார், குறும்பு என்றாள் மச்சினி.

சகலை என்னைப் பற்றி எழுதப்போகும் வரிக்காக மூன்று வாரம் அந்த அறையில் காத்திருந்தேன். கட்டிலைச் சுற்றி இடம் இல்லாததால் கதவருகே நின்றேன். மச்சினிக்கு, அவள் தலைமுடியை வெட்டியது நன்றாக இல்லை என்று எழுதினார். என் மகளுக்கு அவள் காதலனைப் பற்றி ஒரு கிண்டல். கடைசியில் என் மனைவிதான் கேட்டாள், இவர் தினமும் வந்து உங்ககூட உக்காந்தாரே, அதெல்லாம் தெரிஞ்சுதா என்று. திரையில் எழுத்து எழுத்தாக வந்தது.

“சகலை வந்தாரா? கவனிக்கலையே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண் என் பக்கம் திரும்பவில்லை.

பெருந்தன்மையாக என்னைக் காப்பாற்றினார் என்று நினைப்பீர்கள். இல்லை டாக்டர், அவர் பொய் சொல்கிறார். நான் வந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். நானூற்று முப்பத்தொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். தேதியும் நேரமும் போட்டு எழுதிவைத்திருக்கிறேன், பல் பிடுங்கிய நாள் உட்பட. யாரும் கேட்காமலே அந்த நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். போலீசிடம் கொடுப்பதானால் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, எல்லோரும் கூடியிருக்கும்போது, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நூற்றெட்டு நாள் அவர் கண் தேடியது என்னை மட்டும்தான்.