மிளகாய் சேராத வைன்

— எழுந்தேன். பல் தேய்ச்சேன். காபி போட்டேன். குடிச்சேன். கதவைப் பூட்டினேன். சாப்பாட்டுக் கடைக்கு வந்தேன். கறியை ஊற வச்சேன். வேற என்ன சொல்லணும்?

— அத்தான், உங்க தினசரிக் கதையையா கேட்டேன்? கறியில என்ன தடவினீங்கன்னு கேட்டேன்.

— மிளகாய்.

— மறுபடியுமா! சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கு. நேத்துதானே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், மிளகாய் வேணாம்னு?

— உன் அக்கா சொன்னது மிளகாய்க் கறி.

— அக்கா சொன்னா வேதவாக்கா? உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது அவ பேச்சைக் கேட்டிருக்கீங்களா? அவ கிழக்கேன்னா நீங்க மேற்கே. போனதுக்கப்புறம் இப்படி ஒரு ஆம்பளைப் பதிவிரதை!

— வெங்காயத்தை இப்படித் தள்ளு.

— தள்ள மாட்டேன். முதல்ல இதைக் குடிங்க. ஒரு மடக்கு. என்ன தெரியுது?

— சிவப்பா இருக்கு.

— அது கண்ணுக்கு. நாக்குக்கு?

— ஈரமா இருக்கு.

— உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது! இது பிரெஞ்சு வைன், அத்தான். அக்கா எத்தனை பேர் வாசல்ல நின்னு தேடிப் பிடிச்ச சரக்கு. முதல்ல கருந்திராட்சை வாசனை. பின்னாலேயே பென்சில் சீவின மாதிரி ஒரு மரவாசனை. விழுங்கினா துவர்ப்பு ஈறைப் பிடிச்சு இழுக்குது. தெரியலையா?

— துவர்ப்பு தெரியுது.

— அப்பாடா, முத்து உதிர்ந்துடுச்சு! இப்போ உங்க கறியில ஒரு துண்டு. மென்னு முழுங்கிட்டு மறுபடி ஒரு மடக்கு.

— ம்.

— "ம்"னா?

— கசக்குது.

— எட்டிக்காயா கசக்குது! காரமும் துவர்ப்பும் மோதினா அப்படித்தான். திராட்சை இருந்த இடமே தெரியல.

— மீன் வச்சா?

— மீனா? இரும்பு ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். பேச்சை மாத்தாதீங்க. இதுக்குக் கொழுப்பு வேணும். ஆட்டுத் தொடையை எலும்போட, உப்பு மட்டும் தடவி, மெதுவாச் சுட்டாப் போதும். பக்கத்துல வெண்ணெயில வதக்கின காளான் ஒரு கை. இந்தத் துவர்ப்பு பூனைக்குட்டியா மடங்கிடும்.

— தெரியும்.

— தெரியுமா?

— ஆட்டுத் தொடைன்னு முதல்ல சொன்னதே நான்தான். உன் அக்கா ஒத்துக்கல.

— அவளா? அவ நாக்கு தப்பாதே!

— ருசி பார்த்த அன்னைக்கு அவளுக்குச் சளி. மூக்கு அடைச்சிருந்துச்சு. வாசனையே தெரியல. கறியில காரம் மட்டும்தான் தெரிஞ்சுது. நல்லா இருக்குன்னுட்டா.

— அடப்பாவமே! இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை நாளா என் உயிரை எடுத்தீங்க? சாயங்காலம் இந்த வைனை விக்கற வைன்காரர் நம்ம சாப்பாட்டை ருசி பார்க்க வரார். சாப்பாடு சேரலைன்னா சரக்கை எதிர்க்கடைக்குக் கொடுத்துட்டுப் போயிட்டே இருப்பார். அக்கா பட்ட பாடெல்லாம் அவங்க மேஜையில போய் உட்கார்ந்துக்கும். நீங்க அடுப்பைப் பார்த்துட்டு நின்னுடுவீங்க. தட்டைக் கொண்டுபோய் வச்சுட்டு அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்க்கப்போறவ நான்.

— தெரியும்.

— கல்லுகூட இதைவிட ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசும். ஆட்டுத் தொடை குளிர்பெட்டியில இருக்கு. இப்ப வச்சாலும் சாயங்காலத்துக்குள்ள வெந்துடும். எடுக்கறேன்.

— எடுக்காதே.

— ஏன்? தப்புன்னு உங்களுக்கே தெரியுது. அப்புறம் ஏன்?

— பெட்டிக் கதவை மூடு.

— மாட்டேன். அவ எனக்கும் அக்காதான். அவ பேரைச் சொல்லி அவ வைனையே கெடுப்பீங்களா? இந்தக் கறியை அவ இப்போ தின்னா முதல் வாயிலேயே துப்பிடுவா.

— அதைத்தான் நானும் அவகிட்ட சொன்னேன். பெரிய சண்டை. செருப்பை மாட்டிக்கிட்டே கத்தினா.

— எப்போ? அன்னைக்குக் காலையிலயா? வண்டி மோதின அன்னைக்கா?

— ஆமா.

— அத்தான்... இதை நீங்க யாருக்குமே சொல்லலையே. போகும்போது என்ன சொன்னா?

— "சாயங்காலத்துக்குள்ள மூக்கு சரியாயிடும்டா. நானே வந்து ருசி பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் கறியில எதையும் மாத்தாதே."