மூன்றாவது காப்பி

ஹார்ட் டிஸ்க்கைத் தரையில் வைக்கக் கூடாது, ஐயா. உங்கள் காவலர் வைத்திருக்கிறார். யார் காலிலாவது இடறினால் அவ்வளவுதான். மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

எங்கள் வீட்டில் ஒரு படம்கூடத் தொலைந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி: ஒன்று அவரவர் போனில், ஒன்று கணினியோடு இணைத்த டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீடே எரிந்தாலும் வெளியே இருப்பது பிழைக்கும். அந்த மூன்றாவது, பத்துத் தெரு தள்ளி, என் மனைவியின் அக்கா வீட்டு அலமாரியில் துணிகளுக்கு நடுவே இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் போய் எடுத்துவந்து, புதியவற்றை ஏற்றி, மாலைக்குள் திருப்பி வைத்துவிடுவேன். "காப்பி மாப்பிள்ளை வந்தாச்சு. நாம காப்பி குடிப்போம், இவர் காப்பி எடுப்பாரு" என்று அவள் கேலி செய்வாள்; அண்ணி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். பன்னிரண்டு வருடமாக அதே கேலி. நானும் பன்னிரண்டு வருடமாகச் சிரித்துவைத்தேன்.

காப்பி எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். நான் கிளம்புமுன் வீட்டு டிஸ்க்கில் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் தொட்டுத் திறப்பேன். இந்த ஞாயிறு எட்டாவதாக வந்தது 'தையல் அளவுகள்' என்ற ஃபோல்டர். என் மனைவி தையலை விட்டு ஆறு வருடமாகிறது.

உள்ளே இருநூற்றுப் பதினோரு படங்கள். என் மனைவியின் தோள், மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், ஒருமுறை உதடு. ஒவ்வொன்றுக்கும் தேதி. முதல் படம் நான்கு வருடத்துக்கு முந்தையது. லேசாகத் தொட்டாலே கன்றிப்போகும் உடம்பு அவளுக்கு, ஐயா. அதை அவள் எங்கும் எழுதிவைக்கவில்லை. படத்தை மட்டும் பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

கூப்பிட்டுக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

"இது வேற யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்லங்க. என் போன்ல மட்டும்தான் இருந்துச்சு. உங்க டிஸ்க்ல தானா ஏறும்னு எனக்குத் தெரியாது."

என்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் எதையாவது ஒரே இடத்தில் வைப்பாளா? நான் நம்பவில்லை.

பழைய டிஸ்க்கைக் குப்பையில் போடுமுன் சுத்தியலால் நடுவில் மூன்று அடி அடிப்பது என் வழக்கம். அப்போதுதான் உள்ளே இருப்பதை எவராலும் மீட்க முடியாது. முதலில் அவள் போனை அடித்தேன். பிறகு டிஸ்க்கை. அவள் குறுக்கே கையை நீட்டியதால் விரல்கள் நசுங்கின. நானாக அதைச் செய்யவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து தலையை மூடிக்கொண்டாள். அந்தத் தலைக்குள்ளும் ஒரு காப்பி இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று அடி போதவில்லை. தோள் வலித்ததும் நிறுத்தினேன். மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் இருக்கும்போது நான் இப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை.

சட்டையை மாற்றிக்கொண்டு அண்ணி வீட்டுக்கு நடந்தேன். டிஸ்க்கை வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். சுத்தியல் பையில் இருந்ததற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

"வாங்க மாப்பிள்ளை. உங்களுக்குன்னு ஒரு காப்பி தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்க?" என்றேன்.

"உள்ளதான். வேற யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

பேசிக்கொண்டே உள்ளே திரும்பினாள். பின்னந்தலை. இந்த முறை மூன்றே அடி.

வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். அவள் போனில் எதுவும் இல்லை. அலமாரியில் என் டிஸ்க்கைத் தவிர எதுவும் இல்லை. சமையலறை மேடையில் ஒரு டம்ளர், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. சர்க்கரை இல்லாமல், நான் குடிக்கிற மாதிரியே. சூடு ஆறவில்லை. வீணாக்குவானேன் என்று குடித்தேன். கொஞ்சம் விளங்கும்படி பேசியிருந்தால் அண்ணி இன்று உயிரோடு இருப்பாள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டிஸ்க்கை மட்டும் உடைக்கவில்லை. அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழிக்கவும் வழியில்லை. கைதவறி எதுவும் அழிந்துவிடக் கூடாதென்று நானே பூட்டுப் போட்டிருந்தேன். அழித்தால் மொத்தமும் போகும். மகள் முதன்முதலாக நடந்தது இனி அதில் மட்டும்தான் இருக்கிறது. சுத்தியலை ஓங்கினேன், கை வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. உங்கள் ஆட்கள் வந்தபோது டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் படங்களை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று உங்கள் முகமே சொல்கிறது. நான்கு வருடத்துப் படங்கள். ஒன்றாவது திறக்காமல் போனதா, சொல்லுங்கள்.