பாக்தாத்தில் தண்ணீர் சுமந்த அந்தோணி

சங்கு ஊதுகிறது. ஓடுகிறோம். பட்டப்பகல்.

"காதரு, செவுரு ஓரமா வாடா! நடுவுல ஓடாத!" அந்தோணி கத்துகிறான்.

விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அடுத்து, தரை எங்களைத் தூக்கிப் போடுகிறது.

1991 ஜனவரி. பாக்தாத். நான் பூந்தமல்லிக்காரன். அந்தோணி அம்பத்தூர். இருவரும் வெல்டர்கள். எங்களை அழைத்து வந்த மேனேஜர் முந்தின நாளே எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு ஜீப்பில் கிளம்பிவிட்டான். அவனுடைய டி.வி. பெட்டிக்கு ஜீப்பில் இடம் இருந்தது. எங்களுக்கு இல்லை.

புகுந்த இடம் முகைதீன் ஆண்டவர் தர்கா. வருஷா வருஷம் அவர் பேரில் எங்கள் வீட்டில் மவ்லூது ஓதி நெய்ச்சோறு ஆக்குவோம். அவர் வாசலுக்கு இப்படி ஓடி வருவேன் என்று நினைத்ததில்லை.

தர்கா சமையல்காரர் இஸ்மாயில் அந்தோணியின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். ரொட்டியை நீட்டினார். எதுவும் கேட்கவில்லை. அங்கேயே தங்கினோம்.

அடுத்த தெருவில் மாதா கோயில். ஞாயிறு தவறாமல் அந்தோணி போனான். பூசை நிலவறையில் நடந்தது.

இரண்டு இடத்திலும் அதிபர் படம். ஒரே அளவு, ஒரே சிரிப்பு. திக்ரு ஓதுபவர்களும் ஜெபமாலை உருட்டுபவர்களும் அதன் கீழேதான் உட்கார வேண்டும். யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க அரசாங்க ஆள் ஒருவன் வருவான். தர்காவில் ரொட்டி தின்பான். கோயிலில் மெழுகுவர்த்தி எடுத்துக்கொள்வான். சங்கு ஊதினால் நிலவறைக்கு முதலில் ஓடுபவன் அந்த வீரன்தான்.

குழாயில் தண்ணீர் நின்றது. கோயில் வளாகத்தில் கிணறு இருந்தது. பாதிரியார் கதவைத் திறந்துவிட்டார். அந்தோணி தர்கா அடுப்படிக்குத் தண்ணீர் சுமந்தான்.

ஒரு மதியம். நான் தர்கா வாசலில் நிற்கிறேன். இரண்டு கேன்களோடு அவன் தெருமுனையில் திரும்புகிறான். துணி கிழிகிறது.

"உள்ள போடா! வந்துகினு கீது!"

தூசி அடங்கியபோது கேன்கள் மட்டும் தெரிந்தன.

அவன் உடலைக் கல்லறைக்குத் தூக்கிப்போனோம்; முன்பக்கம் பிடித்தவர் இஸ்மாயில். பாதிரியார் ஜெபித்து முடிக்கும்வரை தர்கா ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள்.

போர் நின்றபின் அகதிகளோடு ஊர் திரும்பினேன். பூந்தமல்லியில் ஒரு பெரிய மனிதர் கேட்டார்: "காஃபிர் பொணத்த நீ இன்னாத்துக்குத் தூக்குன?" அம்பத்தூர் கோயில் கமிட்டிக்காரர் கேட்டார்: "தர்காவுல துன்னவனுக்கு இங்க பூசை வைக்கணுமா?" இருவரும் சங்குச் சத்தம் கேட்டிருந்தால் வேட்டியை நனைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஸலாமும் இல்லை, ஸ்தோத்திரமும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அந்தோணியின் மனைவி மேரி ஒன்றுதான் கேட்டாள்: "கடசியா இன்னா சாப்ட்டாரு பாய்?"

"ரொட்டியும் பருப்பும்மா."

"வயிறு நெறயவா?"

"நெறய."

அதற்கப்புறம்தான் அழுதாள்.

போனவை: அந்தோணி. அன்று அந்தத் தெருவில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஏழு பேர். அன்றிலிருந்து கேட்காத என் இடது காது. நகரம் முழுக்க எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எண்ண வேண்டியவர்கள் ஒளிந்திருந்தார்கள்.