வாவி நடுவே பெயர் கேட்டவர்

பெயர்: முகம்மது ஹனீபா இர்ஷானா. வயது: 34. தொழில்: மென்பொருள் பொறியியலாளர். வதிவிடம்: ஏறாவூர். இவர் தமிழில் சொல்லத் தமிழிலேயே எழுதப்படுகிறது.

நான் கணவருடனும் மகளுடனும் மேற்படி ஊரில் வசித்து வருகிறேன். புளியந்தீவிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கணினிகள் தடையில்லாமல் ஓடுகின்றனவா என்று கண்காணிப்பது எங்கள் பிரிவின் வேலை. பிரிவுத் தலைவர் முனாஸ். எந்த நெருக்கடியிலும் சிரித்த முகமாக இருப்பவர். வாடிக்கையாளர் தொலைபேசியில் ஏசும்போதும் தேநீரை ஆறவிடாமல் குடிப்பார். இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவர் என்று நாங்கள் சொல்வோம்.

நிதுர்ஷன் குருக்கள்மடத்தைச் சேர்ந்தவர். எங்கள் பிரிவில் வயதில் குறைந்தவர். எல்லாவற்றுக்கும் பயப்படுவார். ஒரு கணினி சற்றுத் தாமதித்தாலே சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமலே வைத்துவிடுவார். இந்த வேலை அவருக்கு ஒத்துவராது, வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று முனாஸ் என்னிடம் கூறியிருந்தார். நான் அதுபற்றி நிதுர்ஷனிடம் மெதுவாகக் கேட்டபோது, "வேணாம் அக்கா, எனக்கு இந்த வேல நல்ல விருப்பம். பயப்பிடுறதுக்குச் சம்பளம் தாற இடம் வேற எங்க இரிக்கு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடந்த சனிக்கிழமை பிற்பகல் எங்கள் பிரிவினர் ஆறு பேரும் இயந்திரப் படகொன்றில் வாவியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். படகை ஓட்டியவர் இப்போது உங்கள் பொலிஸ் தடுப்பில் இருக்கும் அழகரத்தினம். அவர் மது அருந்தியிருக்கவில்லை. புறப்பட முன்னர் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தார். நிதுர்ஷன் ஒவ்வொருவரின் பட்டியையும் இழுத்துப் பார்த்தார். முனாஸ் மட்டும் அங்கியைக் கழற்றி இருக்கையில் போட்டு, "வாவிதானே தம்பி, கடலா?" என்றார். போட்டுத்தான் ஆகவேண்டும் என்று அழகரத்தினம் இரண்டு தரம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அதன் பின்னர் நடு வாவியில் போய்க்கொண்டிருக்கும்போது மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று திடீரென எழும்பியது. அழகரத்தினம் படகைக் கரைப்பக்கம் திருப்பினார். அலை உள்ளே அடித்ததும் நாங்கள் சிலர் எழும்பி ஒரே பக்கத்துக்கு ஓடினோம். "இரிங்க, இரிங்க" என்று அவர் கத்தியும் கேட்கவில்லை. படகு கவிழ்ந்தது.

அதன் பின்னர் நான் மேலே வந்து, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டேன். கால் எட்டவில்லை. அலை முகத்தில் அடித்ததால் யார் எங்கே என்று தெரியவில்லை. அப்போது நிதுர்ஷனின் குரல் கேட்டது. அவர் கத்தவில்லை. "அக்கா, பேரச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "விதுர்ஷா?" என்றார். எங்களோடு வேலை செய்யும் விதுர்ஷாவும் சொன்னார். இப்படிப் படகோட்டி உட்பட ஒவ்வொருவராகக் கேட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அலுவலகத்தில் கணினிகளை இப்படித்தான் ஒவ்வொன்றாக விசாரிப்பார். பெயர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பி மூச்செடுத்தேன். என் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நான் தாழமாட்டேன் என்று பட்டது.

முனாஸும் படகைப் பிடித்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு தரம் அவர் பெயர் வரவில்லை. நிதுர்ஷன் தன் அங்கியைக் கழற்றி என் கையில் தந்து, "இத விட்றாதீங்க. எல்லாரும் பேரச் சொல்லிக்கிட்டே இரிங்க, நான் திரும்பி வாறதுக்குச் சத்தம் வேணும்" என்று கூறிவிட்டுத் தண்ணீருக்குள் போனார். நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். தண்ணீர் கலங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. விதுர்ஷா அழுதுகொண்டு தன் பெயரைச் சொன்னார். அதன் பின்னர் நிதுர்ஷன் முனாஸின் சட்டைக் கழுத்தைப் பிடித்தபடி மேலே வந்தார். அங்கியை முனாஸுக்கு மாட்டினார். முனாஸ் இருமித் தண்ணீர் கக்கியதும், "அக்கா?" என்று மறுபடியும் தொடங்கினார். அந்த நேரத்திலும் எனக்கு மெய்சிலிர்த்தது. அல்லாஹ் இந்தப் பிள்ளையை எதனால் படைத்தான் என்று நினைத்தேன்.

அதன் பின்னர் மீனவர்கள் தோணிகளில் வந்து எங்களைக் கரை சேர்த்தார்கள். ஏழு பேரும் உயிருடன் இருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் முனாஸ் என்னிடம், "நான் பயப்பிடவே இல்ல புள்ள. களைப்பா இரிந்திச்சு, கைய விட்டுட்டன். வேலையிலயும் கொஞ்ச நாளா அப்பிடித்தான்" என்று கூறி அழுதார். அவர் அழுது நான் கண்டது அதுவே முதல் தடவை. அதன் பின்னர் நான் நிதுர்ஷனிடம் போய், எப்படி முடிந்தது என்று கேட்டேன். "எனக்குள்ள ஒவ்வொரு நாளும் தோணி கவிழ்ந்துதான் கிடக்கு அக்கா. இண்டைக்கு நீங்க எல்லாரும் என்னோட இருந்தீங்க" என்றார். தேநீர்க் கோப்பையை அவரால் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

அழகரத்தினம் மீது எங்களில் எவருக்கும் முறைப்பாடு இல்லை. நிதுர்ஷன் பயத்துடன் செயற்பட்டு எங்களைக் காப்பாற்றினார்.

இவ்வளவும் நான் கண்டதும் கேட்டதுமே. எழுதியதை உத்தியோகத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நிதுர்ஷனைப் பற்றிய கடைசி வசனத்தில் அவர் "பயமின்றி" என்று எழுதியிருந்தார். அது உண்மையல்ல என்று கூறி, "பயத்துடன்" எனத் திருத்துவித்து, திருத்திய இடத்தில் சுருக்கொப்பமும் கீழே முழு ஒப்பமும் இடுகிறேன்.

(ஒப்பம்) மு. ஹ. இர்ஷானா