ஆட்டக்காரருக்கு நேர்ந்த வெள்ளிக்கால்

சாமி காணிக்கையைக் கேலி செய்ததாகிவிடுமோ என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். பெருமாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் மானாம்பதிக்காரர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னதாக ஒரு வெள்ளிக்கால். மெட்ராஸில் புட்பால் ஆடி முட்டி பிசகிப்போன ஓர் ஆட்டக்காரருக்காகத் திருமுக்கூடல் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டதாம்.

"அவரு இன்னா, நாம பொண்ணு குடுத்த எடமா?" என்றாள் மனைவி.

"அவரு மறுபடி எறங்கி ஆடினாத்தான் மே எனக்கு சோறு எறங்கும்."

டிக்கெட் கிழித்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இது எடது காலாச்சே நைனா. அவருக்கு அடிபட்டது வலது கால். அந்த ஆட்டத்த நானே பார்த்தேன்."

"பேப்பர் படத்துல கட்டு இந்தப் பக்கந்தானே இருந்துது?" என்று மானாம்பதிக்காரர் தம் இடது முட்டியைத் தட்டிக் காட்டினார்.

"படத்துல அவரு உனக்கு எதிர்ல நிக்கிறாரு நைனா."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

மனைவிதான் பேசினாள். "வுடுய்யா. எனக்கு எடது முட்டிதான் வலிக்குது. என் பேரைச் சொல்லிப் போட்டுடு."

"உனக்கா? சொல்லவே இல்லியே."

"தெனம் சொல்லிக்கினுதான் கீறேன்."

இதை யாரிடம் சொன்னாலும் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் கண் கலங்கினார், மனைவியின் கையைப் பிடித்தார் என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். அவர் கேட்டது இவ்வளவுதான்:

"அப்போ அவரு காலுக்கு இன்னா பண்றது?"